பல் எக்ஸ்ரே முப்பரிமாணம் ஆன கதை: நம் ரயில் பாதையோரம் ஒரு வரலாறு



சில மாதங்களாக நம் மூத்தோர் வட்டத்தில் பேச்சு எதில் ஆரம்பித்தாலும் பல்லில் வந்து முடிகிறது. ஒருவருக்கு ரூட் கெனால், ஒருவருக்குப் பல்செட், இன்னொருவருக்கு இம்ப்ளான்ட். அண்மையில் அடிக்கடி காதில் விழுவது, "டாக்டர் 3டி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் சார். பல்லுக்குப் போய் ஸ்கேனா?" என்ற கேள்வி. சிலர் இதை வீண் செலவு என்கிறார்கள். சிலர் இது இல்லாமல் வைத்தியமே கூடாது என்கிறார்கள்.

நான் பி.காம். படித்து வங்கியில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பல் மருத்துவன் அல்ல. ஆனால் ஒரு பொருள் எங்கிருந்து எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால், அது நமக்கு வேண்டுமா வேண்டாமா என்று கேட்கும் தெளிவு வரும் என்பது என் அனுபவம். அப்படித் தேடிப் படித்தபோது, கதையின் முக்கியமான ஒரு பகுதி நம் கடற்கரை - செங்கல்பட்டு ரயில் பாதையின் ஓரத்திலேயே நடந்திருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

இருபத்தைந்து நிமிடம் அசையாமல்

1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ரான்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டார். டிசம்பர் மாதம் தம் மனைவியின் கையை அந்தக் கதிரில் படம் எடுத்தார். விரல் எலும்பும் மோதிரமும் தெரியும் அந்தப் படத்தை நம்மில் பலர் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திருப்போம். அவர் இதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. அதனால் செய்தி வெளியான சில வாரங்களிலேயே உலகெங்கும் ஆளாளுக்கு முயன்று பார்த்தார்கள்.

1896 ஜனவரியிலேயே ஓட்டோ வால்க்காஃப் என்ற ஜெர்மானியப் பல் மருத்துவர் தம் வாயில் ஒரு சிறு கண்ணாடித் தட்டை வைத்துக்கொண்டு முதல் பல் எக்ஸ்ரேயை எடுத்தார். அதற்கு அவர் இருபத்தைந்து நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. இன்று நாம் "ஆ" என்று வாயைத் திறந்து மூடுவதற்குள் முடிந்துவிடும் வேலை அது.

அந்தக் காலத்தில் இந்தக் கதிர் உடம்பைச் சுடும் என்பது தெரியாது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் என்ற பல் மருத்துவர் 1896-லேயே நோயாளிகளுக்கு எக்ஸ்ரே எடுக்கத் தொடங்கினார். ஆண்டுக்கணக்கில் கதிரின் முன் கையை நீட்டிப் பழகியதால் புற்று வந்து, விரல்களையும் பிறகு கையையும் இழந்தார். 1928-ல் அவர் வாழ்வு துயரமாக முடிந்தது. பாஸ்டனைச் சேர்ந்த வில்லியம் ரோலின்ஸ் என்ற இன்னொரு பல் மருத்துவர்தான், இந்தக் கதிர் உயிரைக் கொல்லும் என்று 1901-லேயே விலங்குகளில் சோதித்துக் காட்டி, ஈயத் தடுப்பு வேண்டும் என்று எழுதினார். உடனே கேட்டவர்கள் குறைவு. இன்று எக்ஸ்ரே அறையில் நமக்குப் போட்டுவிடும் கனமான ஈய ஏப்ரனுக்குப் பின்னால் இவ்வளவு விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

நம் பக்கம்

சென்னை அரசுப் பொது மருத்துவமனை வளாகத்தில் உள்ள பர்னார்டு கதிரியக்க நிலையம் 1934-ல் திறக்கப்பட்டது. கேப்டன் பர்னார்டு என்ற ஆங்கிலேயரின் பெயர் அதற்கு. பூங்கா ரயில் நிலையத்தில் இறங்கிச் சாலையைக் கடந்தால் அந்த வளாகம்தான். பல் மருத்துவத்துக்கு இந்தியாவில் முதல் கல்லூரியை ரஃபியுதீன் அகமது 1920-ல் கல்கத்தாவில் தொடங்கினார். பல் மருத்துவர்களை முறைப்படுத்தும் சட்டம் 1948-ல் வந்தது. நம் ஊரில் 1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு ஆரம்பமாகி, பின்னர் தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி ஆனது. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. இன்று கூடுவாஞ்சேரிக்கு அடுத்த நிறுத்தமான பொத்தேரியிலேயே பல் மருத்துவக் கல்லூரி உண்டு. நாற்பது வருடத்துக்கு முன்பு இந்தப் பக்கத்தில் கடைவாய்ப்பல் வலி என்றால் கிராம்பு வைத்துக் கடித்துக்கொண்டு தாம்பரத்துக்கு ரயில் ஏற வேண்டியிருந்தது.

இந்தக் காலம் முழுவதும் பல் மருத்துவர் கையில் இருந்தது தட்டையான படம். ஓரிரு பற்களைக் காட்டும் சின்ன ஃபிலிம் ஒன்று. ஃபின்லாந்தின் பாட்டெரோ என்பவர் உழைத்து உருவாக்கி, 1960-களில் பரவிய ஓ.பி.ஜி. இன்னொன்று. முகத்தைச் சுற்றி எந்திரம் ஓடி, இரண்டு தாடையையும் ஒரே நீளப் படமாக விரித்துக் காட்டுமே, அதுதான். 1987-ல் பிரான்சின் ஃபிரான்சிஸ் மூயான், ஃபிலிமே இல்லாமல் கணினித் திரையில் படம் காட்டும் ஆர்.வி.ஜி. முறையைக் கொண்டுவந்தார். டார்க் ரூம், கழுவும் மருந்து எல்லாம் அதனால் போனது. ஆனாலும் படம் தட்டைதான்.

தட்டைப் படத்தில் என்ன குறை? நம் கையின் நிழல் சுவரில் விழுவதை நினைத்துப் பாருங்கள். உயரமும் அகலமும் தெரியும். கனம் தெரியாது. முன்னால் இருப்பது எது, பின்னால் இருப்பது எது என்றும் தெரியாது. ஞானப்பல்லின் வேர் நரம்பின் மேல் படுத்திருக்கிறதா, பக்கத்தில் ஒதுங்கி இருக்கிறதா என்பது நிழலில் ஒன்றுபோலத்தான் தெரியும். எடுக்கும்போது மருத்துவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

கூட்டுத்தொகையிலிருந்து எண்ணைக் கண்டுபிடிப்பது

நிழல்களிலிருந்து முழு உருவத்தை மீட்பது எப்படி? இதை என் தொழில் மொழியில் சொல்கிறேன்.

வங்கியில் கணினி வருவதற்கு முன் பெரிய தாளில் எண்களை நிரப்பி, குறுக்கே கூட்டுவோம், நெடுக்கே கூட்டுவோம். இரண்டும் பொருந்தினால்தான் வீட்டுக்குப் போகலாம். இப்போது அதையே தலைகீழாக யோசியுங்கள். நான்கு கட்டங்கள். மேல் வரிசையில் 5, 3. கீழ் வரிசையில் 2, 6. எண்களை மறைத்துவிட்டுக் கூட்டுத்தொகையை மட்டும் தருகிறேன். குறுக்கே 8, 8. நெடுக்கே 7, 9. உள்ளே இருக்கும் எண்களைச் சொல்ல முடியுமா? முடியாது. மேலே 4, 4 என்றும் கீழே 3, 5 என்றும் போட்டாலும் அதே கூட்டுத்தொகைதான் வரும். ஆனால் மேல் இடது மூலையிலிருந்து கீழ் வலது மூலைக்குச் சாய்வாகக் கூட்டினால் 11 என்று இன்னும் ஒரே ஒரு தகவல் கொடுங்கள். இப்போது 5, 3, 2, 6 தவிர வேறு விடை கிடையாது. பேனாவை எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

எக்ஸ்ரே கதிர் ஒன்று தாடையைக் கடந்து வரும்போது, வழியில் எவ்வளவு தடுக்கப்பட்டது என்ற கூட்டுத்தொகையைத்தான் சொல்கிறது. ஒரே கோணத்தில் எடுத்தால் நிழல். பல கோணங்களில் எடுத்துக் கணக்குப் போட்டால் உள்ளே ஒவ்வொரு கட்டத்திலும் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிடும். இது சாத்தியம் என்று யோஹான் ரேடான் என்ற ஆஸ்திரியக் கணித மேதை 1917-லேயே நிரூபித்துவிட்டார். அப்போது அதற்குக் கணினி கிடையாது.

இங்கிலாந்தின் ஈ.எம்.ஐ. நிறுவனத்தில் வேலை பார்த்த காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டு இதை எந்திரமாக்கினார். அவருடைய முதல் சோதனைப் படத்துக்குத் தகவல் சேகரிக்க மட்டும் ஒன்பது நாள் ஆனதாம். 1971 அக்டோபர் 1 அன்று விம்பிள்டனில் உள்ள ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளியின் தலை சி.டி. ஸ்கேன் செய்யப்பட்டது. தனியாக இதே கணக்கை ஆராய்ந்த ஆலன் கார்மக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டும் 1979-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கிண்டியில் இருந்தவர்

அதே 1971-ல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் கழக இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரன், ஏ.வி. லட்சுமிநாராயணன்.

ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சர் சி.வி. ராமனின் மாணவர். 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார் அழைக்க, கிண்டி வளாகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக வந்தார். அதே சாலையில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கங்காரு வால் தசைநாரை வாங்கி, அதன்மேல் எக்ஸ்ரே செலுத்தி, கொலாஜன் என்ற புரதத்தின் வடிவத்தை ஆராய்ந்தார். மூன்று இழை முறுக்கிய கயிறு போன்றது அது என்று 1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து அறிவித்தார். நம் பல்லின் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினிலும், ஈறிலும், தாடை எலும்பிலும் இருப்பது இந்தக் கொலாஜன்தான். 1970 வாக்கில் அவர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு மாறினார். 1971 கட்டுரை அந்தக் காலத்தது.

அவர்கள் செய்தது என்ன? ஒவ்வொரு கூட்டுத்தொகையையும் அது வந்த கோட்டின் மேலேயே திருப்பிப் பரப்பினால் ஒரு படம் கிடைக்கும். ஆனால் அது மை ஊறிய தாள் மாதிரி மங்கலாக இருக்கும். அதைத் தெளிவாக்க அதுவரை ஃபூரியே கணக்கு என்ற சுற்று வழி பயன்பட்டது. அன்றைய கணினிகளுக்கு அது பெரிய பாரம். பரப்புவதற்கு முன்பே ஒவ்வொரு எண்ணையும் அக்கம்பக்கத்து எண்களை வைத்துத் திருத்திவிட்டால் போதும் என்று இவர்கள் காட்டினார்கள். பக்கத்திலிருக்கும் முதலாவது, மூன்றாவது, ஐந்தாவது எண்களில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். தூரம் கூடக் கூட அந்தப் பங்கு வேகமாகக் குறையும். இரண்டாவதையும் நான்காவதையும் தொடவே வேண்டாம். வெறும் பெருக்கலும் கழித்தலும்தான். வேகமும் கூடியது, துல்லியமும் கூடியது. இன்றும் உலகமெங்கும் பாடப் புத்தகங்களில் அதற்கு "ராம்-லாக் ஃபில்டர்" என்று பெயர். ராமச்சந்திரனில் ராம், லட்சுமிநாராயணனில் லாக்.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். "சி.டி. ஸ்கேனைக் கண்டுபிடித்தது தமிழர்தான், வெள்ளைக்காரன் மறைத்துவிட்டான்" என்று நம் வாட்ஸாப்பில் யாராவது அனுப்பினால் நம்பாதீர்கள். எந்திரத்தைச் செய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்டு. அவருடைய முதல் எந்திரம் வேறு கணக்கு முறையில்தான் ஓடியது. இதே போன்ற திருத்தத்தை வானொலி வானியலுக்காகப் பிரேஸ்வெல், ரிடில் என்ற இருவர் 1967-ல் எழுதியிருக்கிறார்கள். ஆனால் பின்னால் வந்த ஸ்கேனர்கள் இந்தத் திருத்திப் பரப்பும் முறைக்கு மாறின என்பதும், அதை எளிதாக்கித் தந்தவர்களில் நம் இருவரும் உண்டு என்பதும் உண்மை. உண்மையே போதுமான பெருமை. கூட்டிச் சொன்னால் உள்ளதும் சந்தேகத்துக்கு ஆளாகும். ராமச்சந்திரன் 2001 ஏப்ரலில் சென்னையில் காலமானார். கிண்டியைத் தினமும் ரயிலில் கடக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

கூம்பு வடிவக் கதிர்

மருத்துவமனை சி.டி. எந்திரம் பெரியது, விலை அதிகம், கதிர் அளவும் அதிகம். பல் மருத்துவருக்கு அது ஒத்துவரவில்லை. 1984-ல் ஃபெல்ட்காம்ப், டேவிஸ், கிரெஸ் என்ற மூவர் வேறொரு கணக்கை வெளியிட்டார்கள். கதிரை விசிறி போல் மெல்லிய தகடாக அனுப்பாமல் கூம்பாக விரித்து அனுப்பினால், ஒரே சுற்றில் முழு உருவமும் கிடைக்கும் என்பது அது. அவர்கள் வேலை பார்த்தது ஃபோர்டு கார் கம்பெனியின் ஆய்வகத்தில்! அந்தக் கணக்கிலும் மேலே சொன்ன திருத்தம் உண்டு.

1990-களில் இத்தாலியின் வெரோனா நகரத்தார் இதை வைத்து நியூடாம் என்ற பல் ஸ்கேனரைக் கொண்டுவந்தார்கள். மோட்ஸோ குழுவின் கட்டுரை 1998-ல் வெளியானது. அதே காலத்தில் ஜப்பானின் நிஹோன் பல்கலைக்கழகத்தில் யோஷினோரி அராய் தனியே ஒன்றை உருவாக்கினார். 2001-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. பிறகு நம் நாட்டுக்கும் வந்து சேர்ந்தது. சீட்டில் சி.பி.சி.டி. என்று டாக்டர் எழுதித் தருவது இதைத்தான். உட்கார்ந்தபடியோ நின்றபடியோ தாடையைத் தாங்கியில் வைத்தால், எந்திரம் தலையை ஒருமுறை சுற்றும். ஒரு நிமிடத்துக்குள் வேலை முடிந்தது. பிறகு கணினியில் தாடையைக் கேரட் நறுக்குவது போல எந்தப் பக்கத்திலும் வெட்டிப் பார்க்கலாம். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் சில பங்கு வரை விவரம் தெரியும்.

எங்கே பயன்படுகிறது

கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தருவது அதுதான். ஞானப்பல் எடுக்கும்போதோ இம்ப்ளான்ட் திருகும்போதோ அது அடிபட்டால், காபி குடித்தால் உதட்டோரம் வழிவது தெரியாத அளவுக்கு மரத்துப்போகலாம். சிலருக்கு அது சரியாகாமலே போவதும் உண்டு. மேல்தாடையில் சைனஸ் அறை இருக்கிறது. இந்த இரண்டையும் தவிர்த்துத் திட்டமிட 3டி படம் உதவுகிறது. எலும்புக்குள் புதைந்த கோரைப்பல், தாடையில் கட்டி, எலும்பு முறிவு, ரூட் கெனால் செய்தும் தீராத வலிக்குக் காரணமான மறைந்த வேர்க்குழாய் ஆகியவற்றைத் தேடவும் உதவும். அறுவைக்கு முன்பே கணினியில் இம்ப்ளான்டைப் பொருத்திப் பார்த்து, அந்தக் கோணத்திலேயே துளையிட வழிகாட்டி அச்சு ஒன்றைச் செய்துகொள்ளவும் முடிகிறது.

எங்கள் வீட்டு அனுபவத்தையும் சொல்கிறேன். என் மனைவிக்குக் கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று போய் நாலு வருடம். ஓ.பி.ஜி. படத்தைப் பார்த்து, எலும்பு உயரம் போதும், இம்ப்ளான்ட் போடலாம் என்றார்கள் ஓரிடத்தில். இன்னொரு மருத்துவர் அம்மாவிடம் காட்டினோம். 3டி படம் பார்க்காமல் தொட மாட்டேன் என்றார். எடுத்துப் பார்த்தால் உயரம் இருக்கிறது, அகலம் இல்லை. எலும்பு மேலே கத்தி முனை போல் மெலிந்து, நாக்குப் பக்கம் உள்ளே குழிந்திருந்தது. "எலும்பு வைத்துக் கட்டி, ஆறு மாதம் பொறுத்துச் செய்யலாம். இல்லையென்றால் பிரிட்ஜ் போடலாம். நீங்களே முடிவு பண்ணுங்கம்மா" என்றார். அவள் பிரிட்ஜ் போதும் என்று சொல்லிவிட்டாள். இப்போது முறுக்கு சாப்பிடுகிறாள்.

அதே வீட்டில் இன்னொரு அனுபவம். பதினோரு வயதுப் பேரனுக்குக் கம்பி போட வேண்டும் என்று போனபோது, எடுத்த எடுப்பிலேயே 3டி ஸ்கேன் சீட்டு தந்தார்கள். எதற்கு என்று மகன் கேட்டான். தெளிவான பதில் வரவில்லை. வேறொரு கம்பி நிபுணர், ஓ.பி.ஜி.யும் பக்கவாட்டுத் தலைப் படமும் இப்போதைக்குப் போதும் என்றார். ஆக, ஒரே வீட்டில் ஒருவருக்கு அது அவசியமாக இருந்தது, ஒருவருக்கு இல்லை.

கதிர்க் கணக்கு

பூமியில் சும்மா இருந்தாலே மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் வருடத்துக்குச் சராசரியாக 2,400 மைக்ரோசீவர்ட் கதிர் நம் மேல் படுகிறது. நாளொன்றுக்கு ஆறரை என்று வையுங்கள். ஒரு பல் டிஜிட்டல் எக்ஸ்ரே சில மைக்ரோசீவர்ட். ஓ.பி.ஜி. ஏறக்குறைய 20, அதாவது மூன்று நாள் கணக்கு. 3டி ஸ்கேன் எந்திரத்தையும் எடுக்கும் பரப்பையும் பொறுத்துச் சில பத்திலிருந்து சில நூறு வரை போகும். 100 என்றால் பதினைந்து நாள் கணக்கு. பயப்பட வேண்டிய தொகை அல்ல. காரணமில்லாமல் செலவழிக்க வேண்டிய தொகையும் அல்ல. வளரும் குழந்தைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

இதைக் கண்காணிக்க 1983-ல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. நம் மாவட்டத்துக் கல்பாக்கத்தில் அதன் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. பல் எக்ஸ்ரே எந்திரம் வைத்திருப்பவர்களும் இந்த வாரியத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டவர்களே.

இன்னும் இரண்டு விஷயம். கேப், உலோக அடைப்பு இருக்கும் இடத்தில் 3டி படத்தில் கோடு கோடாக இழுத்துக் காட்டும். பல் இடுக்கில் ஆரம்பச் சொத்தையைப் பார்க்கச் சின்ன எக்ஸ்ரேதான் இன்றும் நல்லது.

கேட்க வேண்டியவை

யாருக்காவது 3டி ஸ்கேன் எழுதித் தந்தால் மரியாதையாக நாலு கேள்வி கேளுங்கள். இதில் என்ன தெரிய வேண்டும் என்று எடுக்கிறீர்கள்? அது தெரிந்தால் சிகிச்சை மாறுமா? இரண்டு தாடையும் எடுக்க வேண்டுமா, வேண்டிய பகுதி மட்டும் போதுமா? படத்தின் நகல் எனக்குக் கிடைக்குமா? கர்ப்பிணிகள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபிக்க மாட்டார். நகலைப் பத்திரமாக வைத்திருந்தால் டாக்டர் மாறினாலும் மறுபடி எடுக்க வேண்டியிருக்காது. செலவும் மிச்சம், கதிரும் மிச்சம்.

படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அந்த நான்கு கட்டக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். போட்டு முடித்ததும் ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்ற இரண்டு பெயரையும் சொல்லிவையுங்கள்.